எல்லாமே 'தூண்டுதல்' தானா? புரவோக், இன்சைட், இன்ஸ்டிகேட்... என்ன வித்தியாசம்?

2016 செப்டம்பர் 12. காவிரியில் தமிழகத்துக்கு விநாடிக்கு 12,000 கன அடி தண்ணீர் திறக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட அன்று, பெங்களூருவில் தமிழகப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. ஒரே டிப்போவில் 30-க்கும் மேற்பட்ட ஆம்னி பஸ்கள் சாம்பலாயின. தமிழக பஸ்கள் ஓசூரோடு நின்றுவிட, ஜூஜூவாடியில் இருந்து அத்திப்பள்ளிக்கு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். பெங்களூருவில் ஒரு மாணவர் தாக்கப்படும் வீடியோவும், ராமேசுவரத்தில் கர்நாடகத்துக்காரர் ஒருவர் அடிவாங்கும் வீடியோவும் அந்த நாட்களில் செல்போன் செல்போனாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த வீடியோக்கள் கலவரத்தைத் 'தூண்டின' என்று தமிழில் ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது முடியாது. புரவோக், இன்சைட், இன்ஸ்டிகேட், இன்ஃப்ளேம், இவோக் என்று அரை டஜன் சொற்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றுக்கு பதில் இன்னொன்றைப் போட்டால் பழி போய்ச் சேரும் ஆளே மாறிவிடுவார்.

'இவோக்' இதில் சாது. உள்ளே தூங்கிக் கிடப்பதை எழுப்புவது, அவ்வளவுதான். 2016-ல் எரிந்த பஸ்ஸின் படம், 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்குப் பழைய பயத்தைக் கிளறியது என்றால் அது இவோக். யாரும் யாரையும் ஏவவில்லை.

'புரவோக்' என்பது சீண்டல். எதிராளிக்குக் கோபம் வந்துவிட்டால் போதும், சீண்டியவருக்கு நோக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஓசூர் அருகே கோபசந்திரத்தில் 2023 பிப்ரவரி 2-ல் நடந்ததைப் பாருங்கள். எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமாக, தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள்; பஸ்கள் மீது கல் விழுந்தது. தாமதம் கோபத்தை 'புரவோக்' செய்தது எனலாம். 'இன்சைட்' செய்தது என்றால் தப்பு. தாமதத்துக்கு ஏது உள்நோக்கம்? கூட்டத்தில் ஒருவர் "எறிங்கடா கல்லை" என்று கத்தியிருந்தால், அதுதான் இன்சைட்: உசுப்பேத்துறது.

'இன்ஸ்டிகேட்' இன்னும் நுணுக்கம். லத்தீன் மூலத்தில் அதன் பொருள் குத்தி ஓட்டுவது, நம்மூர் தார்க்குச்சி வேலை. குத்துகிறவர் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார். பேச்சு வழக்கில் 'ஏத்திவிடுறது'. 'இன்ஃப்ளேம்' என்றால் ஏற்கெனவே கனன்றுகொண்டிருப்பதில் எண்ணெய் ஊற்றுவது. அந்த இரண்டு வீடியோக்களுக்கு இந்தச் சொல்தான் பொருந்தும். பகையை அவை புதிதாக உண்டாக்கவில்லை. இருந்த நெருப்பை விசிறின. வேண்டுமென்றே ஃபார்வர்டு செய்தவர்கள் கதை வேறு.

வேடிக்கை என்னவென்றால், பேச்சுத் தமிழில் இந்த வித்தியாசமெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. சீண்டுறது, உசுப்பேத்துறது, ஏத்திவிடுறது, கொளுத்திப் போடுறது எல்லாம் டீக்கடையில் தெளிவாக வேறுவேறு. எழுத்துத் தமிழ்தான் எல்லாவற்றையும் 'தூண்டுதல்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆங்கிலச் சொல்லைப் பொறுத்துப் பிரிவே மாறுகிறது. கலவரம் வரும் என்று தெரிந்தே சட்டவிரோதமான செயலால் சீண்டுவது, அதாவது 'புரவொகேஷன்', 192-வது பிரிவு. கலவரம் நடந்தால் ஓராண்டு வரை சிறை, நடக்காவிட்டாலும் ஆறு மாதம் வரை உண்டு. ஒரு சமூகத்தினரை இன்னொரு சமூகத்தினர் மீது குற்றம் செய்ய 'இன்சைட்' செய்யும் பேச்சு, வதந்தி என்றால் 353; மூன்றாண்டு வரை. 'இன்ஸ்டிகேட்' வந்தால் 45-வது பிரிவு, குற்றத்துக்கு உடந்தை.

நீதிமன்றங்களும் கோடு போட்டிருக்கின்றன. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விவாதிப்பது, ஒரு கருத்தை ஆதரித்துப் பேசுவது, இன்சைட் செய்வது என மூன்றாகப் பிரித்தது. எவ்வளவு கசப்பான பேச்சானாலும் முதல் இரண்டுக்குத் தடை போட முடியாது. மூன்றாவதை எட்டும்போதுதான் சட்டம் தலையிடலாம். 2001-ல் ரமேஷ் குமார் வழக்கில், ஆத்திரத்தில் வாய்தவறி வந்த வார்த்தை, விளைவை நினைக்காமல் சொன்னதாக இருந்தால் 'இன்ஸ்டிகேட்' ஆகாது என்றது. மனைவியைத் தற்கொலைக்குத் தூண்டியதாகக் கணவருக்கு விதித்த தண்டனை அதனால் ரத்தானது.