மாதிரிப் புகைவண்டியும் போர்டிக்சன் பாதையும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடிய மூன்று காற் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பதும் சிறுதேர்ப் பருவமே. பெரிய ஊர்தியைச் சிறியதாக்கிப் பார்க்கும் ஆவல் நமக்குப் புதியதன்று. ஆயினும், தேர் போன்ற உருவம் அமைந்தாலே விளையாட்டுத் தேருக்குப் போதும். சக்கரம் எத்தனை விரற்கடை, அச்சு எத்தனை முழம் என்று குழந்தை கேட்பதில்லை. அவ்வாறு கேட்கத் தொடங்கும் இடத்திலேதான் விளையாட்டுப் பொருள் 'மாதிரி' என்னும் நிலையை அடைகிறது. மாதிரிக்கு உயிர் அளவு.

மாதிரிப் புகைவண்டி அமைத்தல் இன்று உலகெங்கும் பரவிய பொழுதுபோக்கு. ஜெர்மனியைச் சேர்ந்த மெர்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், அகலம் வரையறுக்கப்பட்ட தண்டவாளங்களோடு கூடிய விளையாட்டு ரயிலை விற்பனைக்கு வைத்தது. இன்று வாங்கிய துண்டோடு நாளை வாங்கும் துண்டையும் இணைத்துப் பாதையை நீட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. அதே 1891-இல்தான் சிரம்பானையும் போர்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் ரயில்பாதை திறக்கப்பட்டது. 1885-இல் தைப்பிங்கிலும் 1886-இல் கோலாலம்பூரிலும் தொடங்கிய பாதைகளையடுத்து மலாயாவில் எழுந்த பழம்பாதைகளுள் அது ஒன்று. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லவே தனியார் கம்பெனியொன்று அதனை அமைத்தது. 1908-இல் அது அரசாங்க ரயில்வேயோடு சேர்ந்தது. ஈயத்தின் பின் ரப்பரும், பிற்காலத்தில் எண்ணெயும் அவ்வழியே சென்றன. இன்று அப்பாதையில் வண்டி ஓடுவதில்லை. அதனை மீண்டும் காண விரும்புவோர்க்கு மாதிரிக்கலை ஒரு நல்ல வழி.

முதலில் அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உலகில் மிகுதியாக வழங்குவது 'எச்.ஓ.' எனப்படும் அளவு. இதில் ஒவ்வொரு பொருளும் மெய்யளவில் 87-இல் ஒரு பங்காகும். இதற்குரிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதனை 87-ஆற் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதைகளின் அகலம் அதுவே. நம் மலாயாப் பாதையோ மீட்டர் அகலப் பாதை; அதாவது 1,000 மில்லிமீட்டர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மீது போர்டிக்சன் வண்டியை நிறுத்தினால், பாதை மெய்யான அளவைவிட 43 சென்டிமீட்டர் அகன்றதாகிவிடும். ஒல்லியான பாதையில் உயர்ந்து, சற்றே ஆடிச் சென்ற அந்த வண்டியின் தோற்றமே மாறிப்போகும்.

இதற்குத் தீர்வு சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. அந்நாட்டின் ரேட்டியன் ரயில்வே போன்ற மலைப்பாதைகளும் மீட்டர் அகலமுடையவை. ஆதலால் அவற்றின் மாதிரிகளுக்கென 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனைக்கு உண்டு. 12-ஐ 87-ஆற் பெருக்கினால் 1,044 வரும். பிழை 44 மில்லிமீட்டரே. மாதிரியில் அது அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தோன்றாது. ஆல்ப்ஸ் மலைக்கென்று வார்த்த தண்டவாளம் நெகிரி செம்பிலானின் பால்மரத் தோட்டங்களுக்கும் பொருந்துவது அளவின் ஒற்றுமையால் நேர்வது.

அடுத்தது, எதை அமைப்பது என்னும் கேள்வி. சிரம்பான்-போர்டிக்சன் பாதையின் நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் அது 448 மீட்டர். எந்த வீட்டிலும் அடங்காது. ஆதலால் பாதை முழுவதையும் நாடாமல் ஓரிடத்தைப் பற்றிக்கொள்வதே அறிவுடைமை. 3 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பலகையொன்று, மெய்யளவில் 261 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 43 மீட்டர் அகலமும் உள்ள நிலமாகும். கடலோரத்து இறுதி நிலையத்தின் சிறு பகுதிக்கு இது போதும். இறுதி நிலையத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. வந்துசேர்ந்த எஞ்சின் தன் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பக்கப் பாதை வழியாகச் சென்று, மறுமுனையில் மீண்டும் இணைய வேண்டும். வட்டப் பாதையில் ஓயாமற் சுற்றும் வண்டியைவிட இவ்வேலை பார்ப்போரைக் கவரும்.

மறைந்த கட்டடத்தின் அளவை எவ்வாறு அறிவது? பழைய நிழற்படமே துணை. படத்தில் தண்டவாளம் குறுக்காகத் தெரியுமானால், அதன் அகலம் ஒரு மீட்டர் என்பது நாம் அறிந்ததே. அதனையே அளவுகோலாகக் கொண்டு, அதே தொலைவில் நிற்கும் தூண், கதவு, பெட்டி ஆகியவற்றைக் கணக்கிடலாம். தொலைவு மாறினால் அளவுகோலும் மாறும் என்பதை மறத்தலாகாது. விகிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சுவையான கணக்குக் கிடைப்பது அரிது.

இனி வண்ணம். புதிதாக வாங்கிய மாதிரியைப் பொய்யாகக் காட்டுவது அதன் பளபளப்பே. முதலில் சோப்பு நீரிற் கழுவி எண்ணெய்ப்பசையை அகற்ற வேண்டும். பிறகு அடிப்பூச்சு; அதன்மேல் மெல்லிய பூச்சுகள் பல. தடித்த ஒரே பூச்சு ஆணித் தலைகளையும் பலகை இடுக்குகளையும் மூடிவிடும். இறுதியாகப் பளபளப்பற்ற மெருகு பூசி, நீர்த்த கருநிறத்தை இடுக்குகளில் வழியவிட்டால் நாட்பட்ட அழுக்கு அமையும். தண்டவாளத்தின் பக்கங்கள் துருநிறம். சக்கரம் உராயும் மேற்புறம் மட்டும் வெள்ளி. கட்டைகள் வெயிலில் வெளுத்த சாம்பல். செம்மண் தூசி பெட்டிகளின் கீழ்ப்பகுதியில் மிகுந்தும் மேலே குறைந்தும் படியும்.

பால்மரத்தின் நிறம் பருவத்தைப் பொறுத்தது. ஆண்டுதோறும் அது இலையுதிர்க்கும். உதிருமுன் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகும். ஆகவே எந்த மாதத்துக் காட்சி என்று முன்னரே முடிவுசெய்தல் நன்று. 20 மீட்டர் மரம் 23 சென்டிமீட்டராகும். மரத்திற் கட்டிய பால் கோப்பையோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதனையும் விடாமல் வைப்பவரே கலைஞர்.

வண்டி ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தால். இரு தண்டவாளங்களும் மின்னோட்டத்தின் இரு முனைகள். சக்கரங்கள் அதனை வாங்கி மோட்டாருக்கு அளிக்கின்றன. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த ஊரில் எஃகுத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகமே ஏற்றது. பலகையின் அடிப்புறத்திற்கும் வண்ணம் பூசாவிட்டால் அது ஈரம் உண்டு வளையும்.

இக்கலை நம்மவர்க்கு எட்டாததன்று. இந்தியாவில் புனே நகரில் தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்தால் வளர்ந்த ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. போர்டிக்சன் பாதைக்கும் அத்தகைய முயற்சி தகும். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் பதித்தவர்களிலும் காத்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். நிலையத்தின் கதவு என்ன நிறம், தொழிலாளர் வீடுகள் பாதையிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றன, சைகை விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பன போன்ற செய்திகள் எல்லாம் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவை முதியோர் நினைவில் உள்ளன. மாதிரி அமைப்பவன் ஒவ்வொரு தூணுக்கும் ஒவ்வொரு நிறத்திற்கும் விடை தேடியாக வேண்டும். ஆதலால் நூலாசிரியன் கேளாத கேள்விகளை அவன் கேட்கிறான். தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒரு குறிப்பேட்டோடும் அளவு நாடாவோடும் அம்முதியோரிடம் இப்போதே அனுப்புதல் வேண்டும். பலகையும் பசையும் பின்னரும் கிடைக்கும். அவர்கள் நினைவு காத்திருக்காது.