ஒரே கிருமி, இருவேறு ஊர்கள்

கொலம்பியா தேசத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள நரீன்யோ மாநிலத்தில், பசிபிக் கடற்கரையோரமாக டுமாகோ என்றோர் ஊரும், ஆண்டிஸ் மலைமீது டூக்கெரெஸ் என்றோர் ஊரும் இருக்கின்றன. இடைத்தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். இவ்விரண்டு ஊர்களிலும் பெரும்பாலான ஜனங்களின் இரைப்பையில் ஒரே இனத்துக் கிருமி குடியிருக்கிறது. ஆயினும் இரைப்பைப் புற்றுநோய் கடற்கரையில் அபூர்வமாகவும், மலையில் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாகவும் காணப்படுகிறது. கிருமி புகுந்தால் நோய், புகாவிட்டால் சுகம் என்ற எளிய கணக்கு இங்கே செல்லுபடியாவதில்லை.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். அமிலம் ஊறும் இரைப்பையில் எந்தக் கிருமியும் பிழைத்திருக்க முடியாது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் உறுதியாக நம்பியிருந்தார்கள். வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையே மூலகாரணம் என்று மேல்நாட்டு வைத்தியம் சொல்ல, நம் வீடுகளிலோ பழி முழுவதும் மிளகாயின் தலையில் விழுந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன் என்னும் நோய்க்கூற்று நிபுணர் இரைப்பைத் திசுத் துணுக்குகளில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். அவரோடு சேர்ந்துகொண்ட இளம் வைத்தியரான பாரி மார்ஷல் அவற்றைத் தட்டில் வளர்க்கப் பலமுறை முயன்றும் பலிக்கவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால், இரண்டு நாளில் குப்பைக்குப் போகவேண்டிய தட்டுகள் ஐந்து நாள் வெப்பப் பெட்டியிலேயே கிடந்தபோதுதான், மெதுவாக வளரும் அக்கிருமி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இரைப்பை நோய்க்கு இதுவே காரணம் என்பதில் பிறர் ஐயம் தீராமையால் 1984-ல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டு, தம் சரீரத்தையே சாட்சியாக நிறுத்தினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கே நீளமுள்ள இந்த அற்ப ஜீவன் அமிலத்தில் பிழைக்கும் விதம் விசித்திரமானது. யூரியேஸ் என்னும் நொதியால், இரைப்பையில் கசியும் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை மாற்றிக்கொண்டு, ஒரு முனையில் கொத்தாக முளைத்த கசையிழைகளைச் சுழற்றிக் கோழைப் படலத்தினுள் நீந்திச் சென்று, அமிலத்தின் கடுமை குறைந்த அடிப்பகுதியில் திசுவை ஒட்டித் தங்கிவிடுகிறது. இவ்வளவையும் இவ்வினத்துக் கிருமிகள் யாவுமே செய்யும். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதைச் சுமந்தும், மிகப் பெரும்பாலோர் யாதொரு உபாதையும் அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

தீவிரமான வகைகளை இனம்பிரிப்பவை சில மரபணுக்கள். அவற்றுள் பிரதானமானது, சுமார் 40,000 எழுத்துக்கள் நீளமுள்ளதும் முப்பது மரபணுக்கள் வரை கொண்டதுமான ஒரு தொகுதி; அதன் ரசாயன அமைப்பு கிருமியின் மற்றப் பகுதிகளோடு ஒவ்வாமையால், வேறேதோ நுண்ணுயிரிடமிருந்து என்றோ வந்து ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறார்கள். இத்தொகுதி ஊசி மருந்து செலுத்தும் குழல் போன்றதொரு கருவியைக் கட்டி, அதன் வழியே காக்-ஏ என்னும் புரதத்தை இரைப்பை உயிரணுவுக்குள்ளேயே செலுத்துகிறது. உள்ளே சென்ற அந்நியப் புரதத்தை உயிரணுவின் சொந்த நொதிகளே பாஸ்பேட் சேர்த்து முடுக்கிவிடுகின்றன என்பதுதான் இதிலுள்ள பெரிய வஞ்சகம். முடுக்கப்பட்ட காக்-ஏ, வளர்ச்சியையும் பெருக்கத்தையும் ஆளும் சமிக்ஞைகளைக் குலைக்க, உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்ந்து நீண்டு உருமாறுகின்றன. கிழக்காசியக் கிருமிகளின் காக்-ஏ, மேல்நாட்டு வகையைக் காட்டிலும் உயிரணுவின் சமிக்ஞைப் புரதத்தை இறுக்கமாகப் பற்றிக்கொள்வதென்பதும் சோதனையில் தெரிந்திருக்கிறது. வாக்-ஏ என்ற விஷத்தின் மரபணுவோ ஏறக்குறைய எல்லாக் கிருமியிடமும் உண்டு. ஆனால் சிலவற்றில் அது செயலற்றும், சிலவற்றில் உயிரணுவைத் துளைத்து அதனுள் வெற்றறைகளை உண்டாக்கும் வலிமையோடும் அமைந்திருக்கிறது.

ஆயினும் இம்மரபணுக்களின் மீதே முழுக்குற்றத்தையும் சுமத்திவிடுவது அவசர நியாயமாகும். காக்-ஏ உண்டா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் கொலம்பியாவின் புதிர் விடுபட்டுவிடவில்லை. கடற்கரை மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சத்தினர். மலைவாசிகளோ அமெரிக்கப் பூர்வகுடியின் வழிவந்தோர். இக்கிருமியும் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் மனிதனோடு ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டு, அவன் சென்ற திசைதோறும் சென்று கிளைகிளையாகப் பிரிந்ததாதலால், வம்சாவளி அதற்கும் உண்டு. கடற்கரையில் மனிதரும் அவர்தம் கிருமியும் பெரும்பாலும் ஒரே ஆப்பிரிக்க வழியினராயிருக்க, மலையில் பூர்வகுடியினரின் வயிற்றில் ஐரோப்பியரும் பிறரும் கடல்கடந்து கொணர்ந்த கிருமிகள் வந்து குடியேறிவிட்டன. இரு வம்சாவளிகளும் பொருந்தாத இடத்திலேயே திசுச்சேதம் கடுமையாயிருந்ததென்று 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இவற்றுக்குமேல் உப்பு மிகுந்த உணவும் புகைப்பழக்கமும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994-லேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. வைத்தியசாலையில் கிருமியின் மரபணுவைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் பொதுவாக இல்லை. மூச்சுச் சோதனையிலோ மலச் சோதனையிலோ கிருமி உண்டென்று தெரிந்தால், அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையோடு இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கிருமியும் காக்-ஏ சுமக்கும் ஜப்பானில், புண் தோன்றும்வரை காத்திராமல், வெறும் அழற்சி கண்டவர்களுக்கும் இச்சிகிச்சையின் செலவை 2013 முதல் அரசின் சுகாதாரக் காப்பீடே ஏற்றுவருகிறது.