அப்கிரேடு ஆச்சு, ஃபோட்டோஷாப் போச்சு!

ஆப்பிள் நிறுவனம் 2019 அக்டோபர் 7 அன்று மேக் கணினிகளுக்கான கேட்டலினா இயங்குதளத்தை வெளியிட்டது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கினார்கள். முடிந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனைத் திறக்கப் போனவர்கள் பலருக்கு ஐகான் மேல் குறுக்குக்கோடு விழுந்திருந்தது. இந்த மென்பொருளை அதன் தயாரிப்பாளர் புதுப்பித்தாக வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வேறு. தயாரிப்பாளரோ அதைக் கைகழுவிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கோளாறு அவர்களுடைய கணினியில் இல்லை. 32-பிட் மென்பொருள்களை ஓட்டுவதற்கென்று இருந்த பகுதியையே கேட்டலினா வெட்டி எறிந்திருந்தது. 32-பிட் மென்பொருளால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாது. இன்றைய படங்களுக்கும் வீடியோக்களுக்கும் அது எந்த மூலைக்கு? அதையும் 64-பிட்டையும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால் இயங்குதளத்தின் உள்பகுதிகளை இரண்டு பிரதியாக வைத்துப் பராமரிக்க வேண்டும். அந்தச் சுமை வேண்டாம் என்று ஆப்பிள் முடிவெடுத்தது. சொல்லாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2018-லிருந்தே பழைய மென்பொருளைத் திறந்தால் எச்சரிக்கைப் பெட்டி வந்தது. மாலைக்குள் அட்டைப்படத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டியவர் அதையெல்லாம் நின்று படிப்பாரா? ‘ஓகே’யை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அதிகம் அடிபட்டது அடோபியின் சிஎஸ்6 தொகுப்பு. 2012-இல் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அடோபி அறிவித்துவிட்டதால், ஒரு தடவை காசைக் கொடுத்து ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ளக்கூடிய கடைசித் தொகுப்பு அதுதான். தனியாகத் தொழில் செய்பவர்களும் சிறிய ஸ்டூடியோக்களும் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. மேக்கில் அதன் இன்டிசைன் 32-பிட். அது விழுந்தது புரிகிறது. ஃபோட்டோஷாப் சிஎஸ்6 64-பிட். அதுவும் ஏன் விழுந்தது? அதை நிறுவித் தரும் பகுதியும், உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியும் 32-பிட்டில் எழுதப்பட்டவை. படத்தைத் திருத்தும் நிரல் ஓடத் தயாராகத்தான் இருந்தது. ‘நீ காசு கொடுத்தவன்தானா’ என்று கேட்கும் நிரல் ஓடவில்லை. காசு கொடுத்ததை உறுதிப்படுத்த ஆள் இல்லாததால் காசு கொடுத்தவருக்கே கதவு அடைபட்டது. இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இது முதல் தடவையும் இல்லை. 2006-இல் ஆப்பிள் பவர்பிசி சிப்பை விட்டுவிட்டு இன்டெல்லுக்கு மாறியபோது, பழைய மென்பொருள்களின் மொழியைப் புதிய சிப்புக்குப் பெயர்த்துச் சொல்ல ரோசெட்டா என்ற ஏற்பாட்டை வைத்தது. கும்பினிக் காலத்துத் துபாஷி மாதிரி. அவர் இருக்கும்வரை இரண்டு பக்கமும் வியாபாரம் நடக்கும். 2011 ஜூலையில் வந்த லயன் இயங்குதளத்தில் துபாஷியை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஃப்ரீஹேண்ட் அன்றோடு முடிந்தது.

ஃப்ரீஹேண்ட் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். லோகோ, விளம்பரம், சித்திரம் வரைபவர்களில் ஒரு கூட்டம் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரைத் தொடாமல் இதிலேயே வாழ்ந்தது. மேக்ரோமீடியா நிறுவனத்தின் சரக்கு. 2005-இல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள் கையில் இருந்தால் எந்த முதலாளியும் செய்வதைத்தான் அடோபியும் செய்தது: ஃப்ரீஹேண்டை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று 2007-இல் அறிவித்தது. கடைசிப் பதிப்பு பவர்பிசிக்கு எழுதப்பட்டது, ஆகவே ரோசெட்டாவின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. பயனர்கள் சிலர் ‘ஃப்ரீ ஃப்ரீஹேண்ட்’ என்று அமைப்பாகத் திரண்டு, போட்டியை ஒழிக்கிறார்கள் என்று 2011-இல் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் அடோபி மீது வழக்குப் போட்டார்கள். மறுவருடம் சமரசத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை. அதில் வரைந்து வைத்த ஃபைல்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அவற்றைத் திறக்கும் மென்பொருள்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் குறைந்தது.

சினிமாக்காரர்களுக்கும் அதே 2011-இல் அடி விழுந்தது. ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தை ஃபைனல் கட் ப்ரோவில் வெட்டித் தொகுத்தவர்கள் 2011 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கினார்கள். ஜூனில் ஆப்பிள் முற்றிலும் புதிதாக எழுதிய ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை இறக்கியது. முந்தைய 7-ஆம் பதிப்பில் செய்த வேலையை அதில் திறக்க முடியவில்லை. 7-ஆம் பதிப்போ 2017-இல் வந்த ஹை சியராவில் ஓடாது. அந்தப் பழைய எடிட்டிங் கோப்பு ஒன்று இன்று உங்களுக்கு வேண்டுமென்றால், சியரா அல்லது அதற்கு முந்தைய இயங்குதளம் உள்ள ஒரு மேக்கைத் தேடிப்பிடித்து, அதில் 7-ஆம் பதிப்பைத் திறந்து, எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பிரீமியரும் டாவின்சி ரிசால்வும் அதைப் படித்துக்கொள்ளும்.

சரி, உங்கள் கணினியில் இன்று காலை அப்கிரேடு முடிந்து, மென்பொருள் திறக்கவில்லை. என்ன செய்வது? ஒன்றையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். பதற்றத்தில் கை முதலில் அங்கேதான் போகும். பக்கத்துக் கடைப் பையனும் ‘எடுத்துட்டுத் திரும்பப் போட்டா சரியாயிடும் சார்’ என்பான். பழைய மென்பொருளைத் திரும்பப் போட, அதை இயக்க அனுமதி தரும் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். சிஎஸ்2-க்கான சர்வரை அடோபி மூடி வருடக்கணக்காகிறது. எடுத்த பிறகு ‘அனுமதி பெற முடியவில்லை’ என்று வந்தால், ஓடாவிட்டாலும் கணினியில் உட்கார்ந்திருந்தது போய், ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும்.

அடுத்து, மென்பொருள் திறக்கவே மறுக்கிறதா, திறந்துவிட்டு முரண்டு பிடிக்கிறதா என்று பாருங்கள். திறந்துவிட்டுத் தகராறு செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேக்கில் பாதித் தகராறு அனுமதி சம்பந்தப்பட்டது. 2018-இன் மொஹாவேயிலிருந்து மைக், கேமரா எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கிறார்கள். அனுமதி விடுபட்டிருந்தால், டேப்லட்டில் வரையும் வாகோம் பேனாவை நகர்த்தினால் அம்புக்குறி நகராது, அல்லது நகரும், கோடு விழாது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், ‘ஆக்சசிபிலிட்டி’யிலும் ‘இன்புட் மானிட்டரிங்’கிலும் வாகோமுக்கு டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் நம்ப வேண்டாம். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால்தான் சில சமயம் பிடிக்கிறது. இசைப்பதிவு செய்பவர்களுக்கு வருவது இன்னும் குரூரமானது. மைக் அனுமதி இல்லையென்றால் மென்பொருள் சண்டை போடாது, பதிவும் ஓடும். பாடகர் பாடி முடித்துப் போன பிறகு பார்த்தால் திரையில் நேர்க்கோடு.

விண்டோஸில் பேனா வேலை செய்தும் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கவில்லையென்றால், டேப்லட் அமைப்பில் ‘விண்டோஸ் இங்க்’ டிக்கை எடுத்தோ போட்டோ பாருங்கள். ஃபோட்டோஷாப் திறந்தவுடன் மூடிக்கொண்டால், கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்தியபடி திறந்தால் பழைய அமைப்புகளை அழிக்கட்டுமா என்று கேட்கும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன். நீங்கள் செய்துவைத்த பிரஷ்களையும் ஆக்‌ஷன்களையும் முன்பே தனியாகச் சேமித்திருந்தால் மட்டும் ‘ஆம்’ சொல்லுங்கள். திரை கலங்கினால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதுதான் மருந்து.

திறக்கவே மறுத்து, காரணம் பிட்டோ சிப்போ என்றால் ரிப்பேர் என்று ஒன்று கிடையாது. எத்தனை பேரிடம் காட்டினாலும் அதுதான். பின்வாங்க வேண்டும். டைம் மெஷினில் பேக்கப் இருந்தால் கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவேக்கே திரும்பலாம். அதைவிட நல்ல வழி, அதே டிஸ்க்கில் இன்னொரு வால்யூம் உண்டாக்கி மொஹாவேயைத் தனியாகப் போடுவது. இடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். கணினியைத் திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு மேக் பிறக்கும்போது எந்த இயங்குதளத்தோடு வந்ததோ அதற்குக் கீழே இறங்காது. இன்டெல்லை விட்டு ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடும் அதற்குப் பிறகும் வந்த மேக்குகளில் மொஹாவேக்கு வேலையே இல்லை.

அந்த எம் வரிசைக்கும் ஆப்பிள் ஒரு துபாஷியை அமர்த்தியிருக்கிறது, ரோசெட்டா 2. இன்டெல் காலத்து ப்ளக்இன்கள் பல அதன் தயவில்தான் ஓடுகின்றன. மேக் ஓஎஸ் 27 வரைதான் அது முழுதாக இருக்கும் என்று 2025 ஜூனில் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் ஓடிக்கொண்டிருப்பவற்றில் எவையெல்லாம் அதை நம்பியிருக்கின்றன என்று ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்தால் தெரியும்; ‘கைண்ட்’ என்ற பத்தியில் இன்டெல் என்று இருப்பவை எல்லாம் நாள் குறிக்கப்பட்டவை.

நம் ஊர் அச்சகங்களுக்கும் சிஎஸ்6-க்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. தமிழ் டிடிபி வளர்ந்தது அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில். கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வந்தது; கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் இன்னமும் அதை ஓட்டுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் 11-க்குப் போகும் கடைகள் பல. 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, எனவே 16-பிட் மென்பொருள்கள் அடியோடு போயின; பேஜ்மேக்கர் 7 32-பிட் என்பதால் தப்பித்தது. நிர்வாகியாக இயக்கினால் பெரும்பாலும் ஓடும். ஃபாண்ட் பட்டியலில் தமிழ் எழுத்துருக்களைக் காணோம் என்றால் எழுத்துருக்களை ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று நிறுவிப் பாருங்கள். இப்போதைய விண்டோஸ் அவற்றை ஒருவர் கணக்குக்குள் மட்டும் போட்டுவிடும், பழைய மென்பொருள்கள் சிலவற்றின் கண்ணுக்கு அது படுவதில்லை. தமிழ் மென்பொருளுக்கு டாங்கிள் (கணினியில் செருகும் உரிமச் சாவி) வைத்திருப்பவர்கள், அதற்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று கேட்காமல் இயங்குதளத்தைத் தொடக் கூடாது.

மென்பொருள் ஓடுவது ஒரு பக்கம். இருபது, இருபத்தைந்து வருடம் பேஜ்மேக்கரில் வடிவமைத்த புத்தகங்கள், மலர்கள், சிற்றிதழ்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? பிஎம்டி ஃபைல்களாக, ஹார்ட்டிஸ்க்கிலும் பூஞ்சை பிடித்த சிடிக்களிலும். அவற்றை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக நம்பகமான பாலம் இன்டிசைன். அதுவும் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள். சந்தாவில் வரும் இன்டிசைன் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்காது. மேக்கில் கேட்டலினா அறுத்தது இந்தப் பாலத்தையும்தான். விண்டோஸில் இன்னும் இருக்கிறது, சிஎஸ்6 ஏற்கெனவே நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில்.

பாலத்தைத் தாண்டினாலும் எழுத்து இருக்கிறது. அக்காலத் தமிழ் ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. ஃபாண்ட் போனால் பக்கம் முழுக்க உளறல். 1999-இல் டாம், டாப் என்று தமிழக அரசு தரம் வகுத்தும் ஆளுக்கொரு குறியீடு இருந்தது. 2010-இல்தான் யூனிகோடு அரசின் தரமானது. சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். எந்தக் குறியீடு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அந்தந்தப் புத்தகத்துக்குப் பயன்படுத்திய ஃபாண்ட் ஃபைலையும் கூடவே வைத்திருங்கள்.

எனவே கடையில் சிஎஸ்6 ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். இணைய இணைப்பை எடுத்துவிடுங்கள், அப்டேட்டும் வேண்டாம். ஆள் ஓய்வாக இருக்கும் மதியங்களில் பிஎம்டி ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இன்டிசைனின் பரிமாற்ற வடிவமான ஐடிஎம்எல் ஒரு பிரதி, பிடிஎஃப் ஒரு பிரதி, யூனிகோடில் வெறும் எழுத்து ஒரு பிரதி என்று சேமியுங்கள். ஐடிஎம்எல்லை இன்றைய இன்டிசைன் மட்டுமல்ல, இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரைபஸும் திறக்கும்.