ஆவி அடங்குமுன்: சிங்கப்பூர் சைனாடவுனில் நல்ல டிம்சம்

கோயம்புத்தூரிலேயே விமானம் ஏறிச் சிங்கப்பூர் சென்று இறங்கும் கொங்கு நாட்டுப் பயணியர் பலரும், சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா வட்டாரத்தில் தங்கி, சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மனை வழிபடாமல் ஊர் திரும்புவதில்லை. 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய அக்கோயில், சைனாடவுன் எனப்படும் பழைய சீனர் குடியிருப்பின் நடுவே நிற்கிறது; அதன் கோபுரத்தைக் கொண்டே பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்ற பெயரும் அமைந்தது. கோயில் வாசலிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவிலேயே டிம்சம் விற்கும் கடைகள் பல இருந்தும், அவற்றுள் நல்லதைத் தேர்வதற்குப் பெயர்ப் பலகையின் பழமையோ வாசலில் நிற்கும் கூட்டமோ போதிய சான்றாகாது. பண்டம் எந்த நேரத்தில், எந்த மாவில் ஆக்கப்படுகிறது என்று பார்க்கத் தெரிந்தவரே அங்கு ஏமாறாமல் உண்ண முடியும்.

டிம்சம் என்பது ஒரே பண்டத்தின் பெயரன்று. தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்தில், குறிப்பாக அதன் தலைநகரான குவாங்சோவின் தேநீரகங்களில், தேநீருக்குத் துணையாகச் சிறு தட்டுகளில் வைக்கப்பட்டு வந்த ஆவியில் வெந்தவை, பொரித்தவை, சுட்டவை ஆகிய அனைத்துக்கும் அது பொதுப்பெயர். குடும்பத்தாரோடு காலையில் அமர்ந்து தேநீர் பருகியவாறே இவற்றைப் பகிர்ந்துண்ணும் வழக்கத்தைக் கான்டனிய மொழி பேசுவோர் யாம் சா என்பர். தேநீர் ஊற்றியவருக்கு நன்றியாக இரு விரல்களால் மேசையைத் தட்டுவதும், வெந்நீர் வேண்டுமெனில் தேநீர்க் கூசாவின் மூடியைத் திறந்து வைப்பதும் அவ்வழக்கத்தில் அடங்கும்.

சிங்கப்பூர்ச் சீனருள் ஹொக்கியன் மொழியினரே மிகுதி எனினும், சைனாடவுனின் மையமான கிரேத்தா ஆயர், அதாவது மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட காலத்து மலாய்ப் பெயரைத் தாங்கிய பகுதி, கான்டனியர் செறிந்து வாழ்ந்த இடமாகும். தேநீரக வழக்கம் அங்கு வேரூன்றியதற்கு இதுவே காரணம். பின்னாளில், நெரிசலான கடைவீடுகளில் வாழ்ந்தவர்கள் அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தெருவோர உணவுக்கடைகள் 1983இல் ஸ்மித் தெருவையொட்டி எழுந்த சைனாடவுன் காம்பிளெக்ஸ் கட்டடத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே, சிவப்பு விளக்குகளும் நினைவுப்பொருள் கடைகளும் தெருவில் நிற்க, அன்றாடச் சமையல் அக்கட்டடத்தின் மாடிக்கு ஏறிவிட்டது. 200க்கும் மேற்பட்ட உணவுக்கடைகளைக் கொண்ட அந்த மாடியே சிங்கப்பூரின் மிகப்பெரிய உணவங்காடி நிலையம். இத்தகைய உணவங்காடிப் பண்பாடு முழுவதையும் யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சீனர் குடியேறிய இடமெல்லாம் டிம்சமும் உடன் வந்துவிடவில்லை என்பதற்குக் கொங்கு நாட்டின் விளிம்பிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர், 1868இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நீலகிரியில், கொய்னா மருந்துக்கான சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தனர். விடுதலைக்குப்பின் உதகைக்கும் கூடலூருக்கும் இடையிலுள்ள நடுவட்டத்தில் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் சிறிதளவு காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தனர் என எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். அம்மலைச் சரிவில் தேநீரகம் எதுவும் தோன்றவில்லை, தோன்றவும் வழியில்லை. வைகறையில் எழுந்து மாவு பிசைவோரும், ஆவி அடங்குமுன் வந்து உண்போரும் நாள்தோறும் ஒரே இடத்தில் கூடும் நகரம் இருந்தால்தான் இத்தொழில் நிலைக்கும்.

நேரம் இவ்வளவு இன்றியமையாததாக இருப்பதன் காரணத்தை ஹர் காவ் எனும் இறால் பண்டத்தில் தெளிவாகக் காணலாம். அதன் மேல்தோல், பசைப்புரதத்தைக் கழுவி நீக்கிய கோதுமை மாச்சத்தோடு, சேலம், நாமக்கல் வட்டாரங்களில் ஜவ்வரிசியாகும் அதே மரவள்ளிக் கிழங்கின் மாச்சத்தையும் கலந்து, கொதிநீர் ஊற்றிப் பிசையப்படுவது. இழுவைத் தன்மை இல்லாத அம்மாவைக் குழவியால் தேய்ப்பதைவிட, எண்ணெய் தடவிய அகன்ற வெட்டுக்கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்தில் வட்டமாக்குவதே கைதேர்ந்தவர் முறை. பின்னர் இறாலை உள்ளே வைத்து ஒரு பக்கத்தில் மட்டும் மடிப்புகளை இட்டு மூடுவர். 7 மடிப்புக்குக் குறைந்தால் கைத்திறன் போதாது என்றும், 10க்கு மேற்பட்டால் சிறப்பு என்றும் மரபில் கொள்வர். வெந்தவுடன் உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் தோலின் வழியே தெரியும். குச்சியால் எடுக்கும்போது தோல் கிழியாது, தட்டிலும் ஒட்டாது. ஆறத் தொடங்கினால் மாச்சத்து இறுகி, தோல் மங்கித் தடித்துவிடும்; மீண்டும் மீண்டும் ஆவியில் வைத்தால் நீர் கோத்து நைந்துவிடும்.

சியோங் ஃபன் எனும் அரிசிச் சுருள் இரண்டாவது சோதனை. அரிசி மாவுக் கரைசலைத் துணியிலோ தகட்டிலோ மெல்லியதாக ஊற்றிச் சில நிமிடங்கள் வேகவைத்து, இறாலையோ இறைச்சியையோ நடுவில் வைத்துச் சுருட்டி, இனிப்பேறிய சோயாச் சாற்றை மேலே ஊற்றித் தருவர். வெந்த மாவைச் சூடு தணியுமுன் பிழிந்தால்தான் கொங்குச் சந்தகை நூலாக இறங்கும் என்பதை அறிந்தவருக்கு, இச்சுருளை ஏன் உடனே உண்ண வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: மேற்புறம் திறந்திருக்கும் சியு மாய் இறைச்சி நைந்த கூழாக இல்லாமல் கடிபட வேண்டும், இனிப்புப் பன்றி இறைச்சி பொதிந்த சார் சியு பாவ் மேலே வெடித்து மலர்ந்திருக்க வேண்டும், முள்ளங்கிக் கேக்கில் மாவைவிட முள்ளங்கி மிகுந்திருக்க வேண்டும்.

இடங்களைப் பொறுத்தவரை, காம்பிளெக்ஸ் மாடியில் காலையில் முதியோர் அமர்ந்து உண்ணும் கடைகளே தொடக்கத்துக்கு உகந்தவை. மூங்கில் தட்டுகளைத் தள்ளுவண்டியில் மேசைதோறும் கொண்டுவரும் பழைய முறையைக் காண விரும்புவோர், சற்றே தள்ளிச் சின் சுவீ சாலையில் 1974 முதல் நடைபெறும் ரெட் ஸ்டார் உணவகத்துக்குச் செல்லலாம்; வண்டிமுறையில் தட்டு சுற்றிச் சுற்றி ஆறிவிடும் இடர் உண்டாதலால், சமையலறைக் கதவுக்கு அருகிலுள்ள மேசையே நல்லது. தேக்காவில் தங்குவோருக்கு இன்னும் எளிய வழி உண்டு: 1962இல் தொடங்கி, இரவுநேர வாடிக்கையால் பெயர்பெற்ற சுவீ சூன், அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில் ஜாலான் புசாரில் உள்ளது.

மரக்கறி உண்போர் கவனமாக இருத்தல் வேண்டும். ஹர் காவ் மாவிலும் பாவ் மாவிலும் பன்றிக் கொழுப்பும், முள்ளங்கிக் கேக்கில் உலர்ந்த இறாலும் சேர்வதுண்டு என்பதால், இறைச்சித் துண்டு கண்ணில் படாமையால் மட்டும் ஒரு பண்டம் சைவமாகிவிடாது. 2007இல் திறக்கப்பட்ட புத்தர் பல் நினைவுக் கோயில் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சாலையில் உள்ளது. அதன் கீழ்த்தளத்துச் சைவ உணவுக்கூடம் அத்தகையோருக்கு ஏற்றது. இசுலாமியர், சிங்கப்பூர் இசுலாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் உள்ள கடைகளையே நாட வேண்டும்.

கோயம்புத்தூர்த் தெருக்களில் மாலைதோறும் விற்கும் மோமோ, திபெத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பரவிய, மைதா மாவில் ஆகும் வேறொரு பண்டம். அதன் சுவையை அளவாகக் கொண்டு டிம்சத்தை மதிப்பிடுவது பொருந்தாது. வாரநாளின் முற்பகலில் சென்று, முதலில் ஹர் காவும் சியோங் ஃபன்னும் மட்டும் கேளுங்கள். மரக்கறி உண்போர் காளானோ காய்கறியோ வைத்த சுருளைக் கேட்கலாம். அவை தேறினால் பிற தட்டுகளையும் வரவழையுங்கள். தேறாவிட்டால் தேநீரோடு நிறுத்திக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பதே அறிவுடைமை.

(தொடரும்)