மாநிலம் மாறும் காருக்கு மறுபதிவு

பணி ஓய்வு பெற்றுத் தமிழ்நாடு திரும்பும் நம் சங்க அன்பர்கள் பலர், பீரோவையும் கிரைண்டரையும் பத்திரமாக அனுப்புவதில் காட்டும் அக்கறையைக் காரின் காகிதங்களில் காட்டுவதில்லை. "இந்தியாவுக்குள்தானே போகிறோம், பாஸ்போர்ட்டா கேட்கப் போகிறார்கள்?" என்கிறார்கள். ஆனால் வரி விஷயத்தில் காருக்கு ஒவ்வொரு மாநிலமும் ஓர் அயல்நாடு மாதிரிதான். அசட்டையாக இருந்தால், ஒரே காருக்கு இரண்டு மாநிலங்களில் வரி கட்டிவிட்டு, முதலில் கட்டியதில் திரும்பக் கிடைக்க வேண்டியதையும் இழக்க நேரிடும்.

ஏன் இந்த ஏற்பாடு?

ரயில் பெட்டியின் பக்கவாட்டில் அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்ற குறி எழுதியிருக்கும். தெற்கு ரயில்வேயின் பெட்டி குவாஹாட்டி வரை போனாலும் அந்தக் குறியை யாரும் மாற்றச் சொல்வதில்லை. கார் அப்படியல்ல. மோட்டார் வாகனங்கள் நமது அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் வருகின்றன. வாகன வரியோ மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக இருக்கிறது. ஆகவே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஓரிடத்தில் செய்த பதிவு நாடு முழுவதும் செல்லும்; வரி மட்டும் கார் எங்கே குடியிருக்கிறதோ அந்த மாநிலத்துக்குச் சேர வேண்டும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவு எண் பெற வேண்டும். நான்கு மாதம் பிள்ளை வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மறுபதிவு தேவையில்லை. ஆனால் இந்த 12 மாதம் எண்ணை மாற்றுவதற்கான கெடுதான். வரி எப்போது முதல் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும். எனவே வண்டி எல்லை தாண்டிய தேதிக்குச் சாட்சி வேண்டும். சுங்கச்சாவடி கழிவுகளைக் காட்டும் ஃபாஸ்டாக் கணக்கு, லாரி கம்பெனியின் ரசீது, ஸ்கூட்டரை ரயிலில் அனுப்பியிருந்தால் பார்சல் ரசீது ஆகியவற்றைக் கிழித்துப் போடாதீர்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது

தானேயில் எம்.எச். 04 என்று பதிவான கார் திருச்சிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, தானே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெறுவது. இதற்குப் படிவம் 28. அதில் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு கேட்பார்கள். துரு ஏறிய எண் தெளிவாக விழாது. முன்பே மெக்கானிக்கிடம் சுத்தம் செய்து வைப்பது நல்லது.

வங்கிக் கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். கடனை அடைத்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்தால், படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். பாக்கி அபராதங்களையும் கட்டிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு அத்தாட்சிச் சீட்டு வாங்குவது மிக முக்கியம். 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கியதாகவே கருதப்படும் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. அத்தாட்சி கையில் இருந்தால்தான் அந்த உரிமையைப் பேச முடியும்.

சான்றில் எந்த அலுவலகத்துக்கு மாற்றம் என்று குறிப்பிடுவார்கள். ஒரே ஊரில் பல அலுவலகங்கள் இருக்கலாம். புதிய முகவரி எதன் எல்லைக்குள் வருகிறது என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். வீடு இன்னும் முடிவாகவில்லை என்றால் அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

போன பிறகு

புதிய ஊரில் படிவம் 27, அசல் ஆர்.சி., தடையில்லாச் சான்று, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்து, வண்டியையும் நேரில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் வெளிமாநில வண்டிக்கு ஆயுள் வரி அதன் வயதைப் பொறுத்து அமையும். ஆகவே வாங்கிய நாளின் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

புதிய எண் வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இன்னும் மூன்று காரியங்கள் உள்ளன. இன்ஷூரன்ஸ் பாலிசியில் புதிய எண்ணையும் முகவரியையும் ஏற்ற வேண்டும். விபத்து நேர்ந்த பின் எண் பொருந்தவில்லை என்று அலைவது பெரும் துன்பம். ஃபாஸ்டாக்கிலும் எண்ணை மாற்ற வேண்டும். மூன்றாவது, பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்பது. இதற்குப் பழைய வரி ரசீதும் புதிய ஆர்.சி. நகலும் வேண்டும். விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், கிளம்பும் முன்பே பழைய அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

2021 செப்டம்பர் முதல் பி.எச். வரிசைப் பதிவு நடைமுறையில் உள்ளது. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதைப் பெறலாம். வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. அடிக்கடி மாற்றலாகும் பிள்ளைகள் புதுக் கார் வாங்கும்போது இதை யோசிக்கட்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு வழி ஒன்றே: சாமான் கட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே காரின் காகிதங்களைக் கட்டத் தொடங்குங்கள். தடையில்லாச் சான்றுக்காகத் திருச்சியிலிருந்து மீண்டும் தானேக்கு டிக்கெட் எடுக்கும் செலவாவது மிச்சமாகும்.