குழாய்க் கிணற்றில் துருப்பிடித்த இணைப்பு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாண வடபகுதியில் குளிர்காலத்தில் பூமி சுமார் 5 அடி ஆழம் வரை உறையக்கூடும். ஆதலால் வீட்டுக் குழாய்க் கிணறுகளில், ஜலம் வெளிச்செல்லும் இணைப்பை அதற்கும் கீழே, கேஸிங் குழாயில் துளையிட்டுப் பொருத்துகின்றனர். இதற்குப் 'பிட்லெஸ் அடாப்டர்' என்று பெயர். அழுக்கு நீர் தேங்கும் பழைய கிணற்றுக் குழிகள் இதனால் அவசியமற்றுப்போயின.

இது துருப்பிடித்து, ரப்பர் வளையமும் கெட்டால், கிணற்றுள் நீர் ஒழுகும் ஓசை கேட்கும். பம்பு அடிக்கடி ஓடும். துளையின் அடைப்பே கெடுமாயின் மேல்மண்ணின் அசுத்தம் குடிநீரில் கலக்கும். அதுவே பெரும் அபாயம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். பின்பு, மரையுள்ள நீண்ட குழாயை மேலிருந்து இணைப்பில் முடுக்கி, பம்பின் பாரத்தைத் தாங்கும் சாதனத்தால் தூக்குதல் வேண்டும். துருவால் இறுகியிருப்பின் பலாத்காரம் கூடாது. பம்பு அறுந்து கிணற்றில் விழுந்துவிடலாம். வெளிப்பாகமும் கெட்டிருந்தால் தோண்டி மாற்றுவதே வழி. வேலை முடிந்தபின் குளோரினால் கிணற்றைச் சுத்தி செய்து, ஜலத்தைப் பரீட்சித்த பிறகே பருகத் தகும்.