காவல் நாய்க்குட்டிக்கு முதல் மூன்று மாதமே பள்ளிக்கூடம்

திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் உள்ள துவாக்குடி, தொழிற்பேட்டையும் வயல்வெளியும் அடுத்தடுத்து அமைந்த ஊர். உய்யகொண்டான் வாய்க்காலின் கடைக்கோடியான வாழவந்தான்கோட்டை ஏரி இதன் அருகில்தான் இருக்கிறது. கொஞ்சம் நஞ்சை, நாலைந்து வெள்ளாடு, ஒரு கறவை மாடு, சில நாட்டுக்கோழி என்று குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு மோட்டார் கொட்டகையையும் ஆட்டுப்பட்டியையும் இரவில் காக்க நாய் ஒன்று தேவை. ஆள் வைத்துக் காவல் காக்க அவரால் இயலாது. ஆகவே எங்கிருந்தாவது ஒரு குட்டியைக் கொண்டு வந்து சங்கிலியில் கட்டி விடுகிறார்.

ஓராண்டு கழித்துத்தான் தொல்லை தெரிகிறது. திருடன் வந்தபோது பதுங்கிய நாய், பட்டப்பகலில் நடவுக்கு வந்த பெண்ணின் காலைக் கவ்வுகிறது. பால்காரரை வாசலுக்கே விடுவதில்லை. அவிழ்த்து விட்டால் கோழியைத் துரத்துகிறது, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடுகிறது. கடிபட்டவருக்கு வைத்தியச் செலவு, வேலை ஆள் வர மறுப்பது, அண்டை வீட்டாருடன் மனத்தாங்கல் எல்லாம் சேர்ந்து, கடைசியில் அந்த நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் கொண்டு போய் விடப்படுகிறது. காவலுக்கு வந்த பிராணி ஊருக்கே தொல்லையாகி விடுகிறது. பிறகு பயிற்சியாளரைத் தேடி என்ன பயன்? பயிற்சிக்கு உரிய காலம் அதற்கு ஒன்பது மாதம் முன்பே கடந்து போயிருக்கும்.

ஏன் இந்த மாற்றம்?

முன்பு கிராமத்து நாய்க்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. ஆனால் அது தெருவில் பிறந்து தெருவிலேயே வளர்ந்தது. பிள்ளைகளின் மடியில் கிடந்தது, ஆட்டுக்குட்டியோடு படுத்தது, போவோர் வருவோர் எல்லாரையும் பார்த்தது. ஊரே அதற்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. இன்று கம்பிவேலி போட்ட தோட்டத்தில், குடும்பம் ஓரிடம் வயல் ஓரிடம் என்ற நிலையில், குட்டி தனியே கட்டப்பட்டு வளர்கிறது. முன்பு தானாகவே நடந்த பழக்கத்தை இப்போது நாமே திட்டமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சி கூறுவது

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், புல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965-ல் நூலாக வெளியிட்டனர். குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலத்தில் அது எதையெல்லாம் அச்சமின்றிப் பழகுகிறதோ, அதையே ஆயுள் முழுவதும் தன் உலகமாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே ஆய்வகத்தில் 1961-ல் வெளியான மற்றொரு சோதனையில், உயரமான வேலிக்குள் மனிதத் தொடர்பு ஏறக்குறைய இல்லாமல் பதினான்கு வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் மனிதரிடம் சரியாக ஒட்டவில்லை.

இது ஆடு, கோழிகளுக்கும் பொருந்தும். ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் ஹாம்ப்ஷைர் கல்லூரியில் கிடைக்காவல் நாய்களை ஆராய்ந்தனர். சின்னக் குட்டியிலிருந்தே செம்மறிகளோடு வளர்க்கப்பட்ட நாய், ஆட்டைத் தன் கூட்டமாகவே கருதி அதை விட்டு நீங்காமல் காத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் முன்னோர் சொன்னதை நாய்க்குட்டியைப் பொறுத்தவரை வாரக் கணக்கில் சொல்ல வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் எட்டு வாரமாவது இருக்க வேண்டும். அவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளும் கூறுகின்றன.

வாங்கப் போகும்போது தாய் நாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அன்னியரைக் கண்டு நடுங்கும் தாயின் குட்டி பெரும்பாலும் அச்ச சுபாவம் கொண்டதாகவே இருக்கும். குட்டிகளின் நடுவே மெதுவாக உட்கார்ந்தால், சற்றுத் தயங்கிப் பின் தானாகவே வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி நல்லது. மூலையில் ஒடுங்கிக் கிடப்பதையும், எல்லாவற்றையும் அடக்கி மேலே ஏறுவதையும் தவிர்க்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் பின்புறம் கை தட்டிப் பார்ப்பதும் அவசியம். குறிப்பாக ராஜபாளையம் இனத்தில் சில வெள்ளைக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை; ஓடும் பொருளைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் உள்ளது. கோழி வளர்ப்போர் இதை நினைவில் கொள்வது நலம். கோம்பை காவலுக்குப் பேர் போனது. ஆனால் உறுதியான கை வேண்டும். நல்ல தாய்க்குப் பிறந்த சாதாரண நாட்டுக்குட்டி சிறு விவசாயிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

வீட்டிலேயே கொடுக்கும் பழக்கம்

எட்டாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். இதற்குச் செலவு கிடையாது.

முதல் வாரம்: வீட்டார் எல்லாரும் தங்கள் கையால் தீனி கொடுக்க வேண்டும். காது, பாதம், வாய், வால் ஆகியவற்றைத் தினமும் மென்மையாகத் தொட்டுப் பழக்க வேண்டும். பின்னால் ஊசி போடவும் உண்ணி எடுக்கவும் இது உதவும். சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடி, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் குட்டியைத் தொட வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: தலையில் சுமையுடன் வருபவர், குடை பிடித்தவர், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றியவர், காக்கி உடை அணிந்தவர் எனப் பலதரப்பட்ட மனிதரைக் காட்ட வேண்டும். பம்பு செட்டு ஓசை, டிராக்டர், பால் கேன் சத்தம் ஆகியவற்றை முதலில் தூரத்தில் கேட்க விட்டு, நாளுக்கு நாள் கிட்டே கொண்டு போக வேண்டும்.

அடுத்த வாரங்கள்: குட்டியைக் கையில் ஏந்தியபடி நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நிற்கலாம். லாரியும் பேருந்தும் சாதாரணம் என்று அது தெரிந்து கொள்ளும். ஆட்டுப்பட்டிக்குள் ஒரு மூலையைத் தட்டியால் தடுத்து, ஆடுகள் பார்வையில் படும்படி படுக்க வைக்கலாம். ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வி விளையாடத் தொடங்கினால் உடனே பிரித்துவிட வேண்டும். ஓராண்டு நிறையும்வரை இளங்குட்டிகளோடும் கோழிக்குஞ்சுகளோடும் தனியே விடலாகாது.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. குட்டி வாலை ஒடுக்கிக் கொண்டால், பின்வாங்கினால், தீனியை வாங்க மறுத்தால், அது பயந்து விட்டது என்று பொருள். உடனே தூரத்தைக் கூட்ட வேண்டும். பயத்தைப் போக்க அருகே இழுத்துப் போவது, பயத்தை நிரந்தரமாக்கி விடும்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டலாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. பார்வோ நோயும் டிஸ்டம்பரும் குட்டிகளைக் கொல்லக் கூடியவை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பதினாறு வாரம் வரை அடுத்த ஊசிகளும் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை மூன்று மாத வயதில் போட்டு, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி தொடர வேண்டும். ஊசிகள் முடியட்டும் என்று நான்கு மாதம் அறைக்குள் அடைத்தால் பழகும் காலம் போய்விடும். முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழிந்த குட்டியைச் சுத்தமான இடத்தில் பழக்க வகுப்புக்குக் கொண்டு போகலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவச் சங்கம் 2008-ல் அறிவுறுத்தியது. நம் ஊருக்கு எளிய வழி, சொந்தத் தோட்டத்தில் தரையில் விடுவதும், தெருவிலும் சந்தையிலும் கையில் ஏந்திச் செல்வதும்தான். தெருநாய் திரியும் இடத்தில் இறக்கி விடக் கூடாது.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்

வா, உட்கார், இரு, விடு ஆகிய நான்கு சொற்களை எந்த விவசாயியும் தானே கற்றுக் கொடுக்கலாம். ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று முறை, சொன்னதைச் செய்தவுடன் ஒரு துண்டுத் தீனி, இதுவே முறை. அவகாசம் இல்லாதவரும், வளர்ந்த நாயின் கெட்ட பழக்கத்தை மாற்ற விரும்புவோரும் பயிற்சியாளரை நாடலாம். நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று பெயர்ப் பலகை வைக்கப் பட்டமோ உரிமமோ கட்டாயமில்லை. ஆகவே பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. நாயில்லாமல் ஒரு நாள் சென்று, அவர் மற்ற நாய்களைப் பழக்குவதைப் பார்க்க வேண்டும். பார்க்க அனுமதிக்காத இடத்தை விட்டு விடலாம். அங்குள்ள நாய்கள் வாலாட்டி வேலை செய்கின்றனவா, பம்மிக் கிடக்கின்றனவா என்பதே சான்றிதழ்.

2. தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் குட்டியைச் சேர்த்துக் கொள்பவர், நோயுள்ள குட்டியையும் அப்படியே சேர்த்திருப்பார்.

3. முள் பட்டை, கழுத்தை நெரிக்கும் சங்கிலி, மின் அதிர்ச்சிப் பட்டை, பிரம்பு இவற்றைப் பயன்படுத்துவோரிடம் கொடுக்கக் கூடாது. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தி விடும்; கடிப்பதை நிறுத்தாது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாய்தான் மிக ஆபத்தானது.

4. உரிமையாளரும் உடனிருந்து கற்க வேண்டும். ஒரு மாதம் விட்டுச் சென்றால் திருப்பித் தருகிறோம் என்ற ஏற்பாட்டில், நாய் பயிற்சியாளரின் சொல்லுக்குக் கட்டுப்படும். வீட்டுக்கு வந்தபின் மறந்து விடும்.

5. குட்டிகளைப் பெரிய நாய்களோடு ஒரே கூட்டமாக அவிழ்த்து விடும் இடம் ஆகாது. அங்கே ஒரு முறை கடிபட்ட குட்டி ஆயுளுக்கும் மற்ற நாய்களைப் பகைக்கும்.

6. "பத்து நாளில் உத்தரவாதம்" என்பவரையும், ஆளைக் கடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்பவரையும் தவிர்க்க வேண்டும். குரைத்து அறிவிப்பதே பண்ணை நாயின் வேலை.

7. எத்தனை முறை வருவார், மொத்தம் எவ்வளவு கட்டணம் என்பதை எழுதி வாங்க வேண்டும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவரை ஊருக்கே வரவழைத்தால் செலவு பங்காகும். குட்டிகளும் ஒன்றோடொன்று பழகும்.

வளர்ந்த நாய் திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருந்தகம். காது வலி, மூட்டு வலி, புண் ஆகியவை பல நேரம் காரணமாக இருக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி அருகே போகவும் கூடாது. பயத்தால் குரைக்கும் நாய், தப்ப வழியில்லாதபோது கடிக்கும்.

சங்கிலியும் சட்டமும்

நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய், வருகிறவரைக் கண்டு விலகிப் போக முடியாததால் பாய்கிறது. நியாயமற்ற நேரம் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்துள்ள நாயை நடமாட விடாததும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். பகலில் வேலி அடைத்த இடத்திலோ நீளமான கயிற்றிலோ வைத்து, காலையும் மாலையும் நடத்திச் செல்வது நலம். வளர்ப்புப் பிராணியால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் கடி நேர்ந்து விட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ, சுண்ணாம்போ, மிளகாயோ பூசக் கூடாது. தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று காத்திருப்பது தவறு. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது.

தடுப்பூசி, குடற்புழு நீக்கம் பற்றி அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலும், திருச்சி கொட்டப்பட்டில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை பெறலாம். நாற்றங்காலில் கவனம் செலுத்தாதவர் நடவு வயலில் எவ்வளவு உரமிட்டாலும் நட்டத்தை ஈடுகட்ட முடிவதில்லை. நாய்க்குட்டிக்கும் அதே கணக்குதான். ஆறு வாரம் அரை மணி நேரம் செலவிட்டவருக்கு, பத்தாண்டு காலம் ஆட்டையும் கோழியையும் காத்து, வேலைக்கு வருபவரை வழிவிட்டு அனுப்பும் துணை கிடைக்கும்.